பாறை மாறவில்லை, கணக்குதான் மாறியது

ஈராக்கின் வடக்கே, தன்னாட்சிப் பகுதியான குர்திஸ்தானில், எண்ணெய் தேடுவது மற்ற இடங்களைவிடச் சுலபம். அரேபிய நிலத்தட்டு யூரேசியத் தட்டை நெருக்கித் தள்ளியதில் தரை மடிப்பு மடிப்பாக எழும்பி ஸாக்ரோஸ் மலைத்தொடர் உண்டானது. மடிப்புகளுக்குள் இருக்கும் சுண்ணாம்புப் பாறை நொறுங்கி விரிசல் விட்டிருக்கிறது. விரிசல்களில் எண்ணெய் தேங்கி நிற்கிறது. சில இடங்களில் அது தானாகவே தரைக்குக் கசிந்து வருகிறது!

2004இல் நார்வேயின் டிஎன்ஓ இங்கே ஒப்பந்தம் போட்டு, பிறகு தாவ்கே வயலில் எண்ணெய் கண்டது. 2009இல் கல்ஃப் கீஸ்டோன் ஷைக்கான் வயலைக் கண்டுபிடித்தது. உலக எண்ணெய்ச் சந்தையில் இரண்டு நிறுவனங்களுமே பொடியன்கள். அவர்களை இழுத்தது ஒப்பந்தத்தின் தாராளம். தெற்கே ருமைலா வயலில் பாக்தாத்தின் மத்திய அரசு பிரிட்டிஷ் பெட்ரோலியத்துக்கே பீப்பாய்க்கு 2 டாலர்தான் கூலி தந்தது. குர்திஸ்தான் அரசோ, போட்ட செலவை எண்ணெயாக எடுத்துக்கொள்ளச் சொல்லி, லாபத்திலும் பங்கு கொடுத்தது. கிணறு வறண்டால் நஷ்டம் நிறுவனத்துக்கு. இந்த ஒப்பந்தங்களை பாக்தாத் ஏற்கவில்லை. தெற்கே கண் வைத்திருந்த பெரிய நிறுவனங்கள் தயங்கின. சிறியவர்களுக்கு இழக்க அங்கே ஒன்றுமில்லை.

சிக்கலின் வேர் 2005ஆம் ஆண்டு அரசியல் சட்டம். அப்போதிருந்த வயல்களை மத்திய அரசும் மாநிலங்களும் சேர்ந்து நிர்வகிக்கும் என்று அது சொல்கிறது. இனிமேல் கண்டுபிடிக்கப்படும் வயல்கள்? சட்டத்தில் தெளிவில்லை. அவரவருக்கு வேண்டியபடி வாசித்துக்கொண்டார்கள்.

நிலத்தடியில் எவ்வளவு எண்ணெய் கிடந்தாலும் அதை ‘இருப்பு’ என்று எழுதிவிட முடியாது. எடுத்து, கொண்டுபோய், லாபத்துக்கு விற்க முடியும் என்றால்தான் துறை விதிகள் அப்படிக் கணக்கில் சேர்க்கவிடும். குழாய் மூடினாலோ ஒப்பந்தம் செல்லாமல் போனாலோ, ஒரு சொட்டுகூட நகராத அதே எண்ணெய் கீழ்ப் பட்டியலுக்கு இறங்கிவிடலாம். வங்கிக் கடனும் பங்கு விலையும் தொங்குவது அந்தப் பட்டியலில்தான். பெரிய நிறுவனத்துக்குப் பத்து நாடுகளில் வயல் உண்டு. சிறியதற்கு இது ஒன்றே இருக்கலாம்.

குர்திஸ்தானிலிருந்து 2009 ஜூனில் தொடங்கிய ஏற்றுமதி, நிறுவனங்களுக்குப் பணம் தருவது யார் என்ற தகராறில் சில மாதங்களில் நின்றது. 2014 டிசம்பரில் இரு அரசுகளும் சமரசம் செய்தன: நாளுக்கு 5.5 லட்சம் பீப்பாய் எண்ணெய்க்கு ஈடாக குர்திஸ்தானுக்கு ஈராக் பட்ஜெட்டில் 17 சதவீதம். அடுத்த ஆண்டே அது முறிந்தது. 2022இல் குர்திஸ்தானின் எண்ணெய்ச் சட்டமே செல்லாது என்றது ஈராக்கின் உச்ச நீதிமன்றம். 2023 மார்ச்சில் துருக்கிக்குப் போகும் குழாய் மூடப்பட்டது. காரணமான வழக்கு ஈராக்குக்கும் துருக்கிக்கும் இடையில் நடந்தது; எண்ணெய் எடுத்தவர்கள் அதில் கட்சிக்காரர்களே அல்ல. அவர்கள் லாரிகளில் ஏற்றி, உள்ளூரில் மலிவாக விற்றார்கள்.

2025 செப்டம்பரில் குழாய் திறந்தது. எண்ணெயை விற்கும் பொறுப்பு பாக்தாத்தின் அரசு நிறுவனத்துக்குப் போனது. எடுத்தவர்களுக்கு இடைக்கால ஏற்பாடாக பீப்பாய்க்கு 16 டாலர். பழைய பாக்கிக்கு உறுதி கேட்ட டிஎன்ஓ அப்போது அதில் கையெழுத்திடவில்லை. தன் எண்ணெயை உள்ளூரிலேயே விற்றது.