மொழிபெயர்ப்பாளர் பயிற்றுநரான வரலாறு

ஆடுகளத்தில் புகழ்பெற்ற வீரர்களே சிறந்த பயிற்றுநர்களாக விளங்க இயலும் என்னும் எண்ணம் பரவலாக உண்டு. அதனைப் பொய்ப்பித்தவர் ஜோசே மொரின்யோ.

போர்ச்சுகல் நாட்டின் செத்தூபல் நகரில் 1963ஆம் ஆண்டு பிறந்த இவருடைய தந்தை, கால்பந்து அணியின் இலக்குக்காவலர். தந்தையின் வழியில் ஆட்டக்காரராக விரும்பிய மொரின்யோ, அதில் ஒளிரவில்லை. லிஸ்பனில் விளையாட்டு அறிவியல் கற்று, உடற்கல்வி ஆசிரியரானார்.

1992ஆம் ஆண்டு ஸ்போர்ட்டிங் அணிக்கு வந்த ஆங்கிலேயப் பயிற்றுநர் பாபி ராப்சனுக்கு மொழிபெயர்ப்பாளராக அமர்ந்தார். சொற்களைப் பெயர்த்ததோடு நில்லாமல், அவற்றின் பின்னிருந்த உத்திகளையும் கற்றார். ராப்சனுடன் போர்ட்டோ, பார்சிலோனா அணிகளுக்கும் சென்று, எதிரணிகளின் ஆட்டத்தை ஆராய்ந்து அறிக்கைகள் வரைந்தார்.

பின்னர்த் தாமே பயிற்றுநராகி, செல்வவளம் மிக்க அணிகளை விஞ்சி, 2004இல் போர்ட்டோ அணிக்கு ஐரோப்பிய வாகையர் கோப்பையைப் பெற்றுத் தந்தார். 2010இல் இத்தாலியின் இன்டர் மிலான் அணியும் இவரது பயிற்சியில் அக்கோப்பையை வென்றது.

தற்காப்பை அரணாக்கி, எதிரணி தடுமாறும் நொடியில் விரைந்து தாக்குவதே இவரது உத்தி. செல்சி அணி 2004-05 பருவத்தின் 38 லீக் ஆட்டங்களில் 15 கோல்களையே விட்டுக்கொடுத்தமை இதற்குச் சான்று. இவ்வாட்டத்தில் அழகு குறைவு என்பாரும் உளர். எனினும், பிறருடைய சொற்களைக் கூர்ந்து கேட்டவரே பின்னாளில் வீரர்கள் செவிமடுக்கும் குரலானார் என்பதை எவரும் மறுப்பதில்லை.