எண்ணெய் ஊறிய மண்ணில் கன்று ஏன் தேறுவதில்லை?

2017 ஜூன் 30 அன்று, தஞ்சாவூர் மாவட்டம் கதிராமங்கலத்தில் ஓஎன்ஜிசி குழாய் உடைந்து கச்சா எண்ணெய் வயலில் பரவியது. அதையடுத்து நடந்த போராட்டமும் தடியடியும் கைதுகளும் நாடறிந்தவை. எண்ணெய் குடித்த மண்ணில் என்ன நடக்கும் என்பதுதான் அதிகம் பேசப்படவில்லை.

வரப்போரத்துப் புங்கமரம் பச்சையாக நிற்பதைப் பார்த்து மண் தேறிவிட்டது என்று சொல்ல முடியாது. வளர்ந்த மரம் ஆழத்திலும் அகலத்திலும் வேரோடித் தண்ணீர் தேடிக்கொள்ளும். கன்றின் வேர் மேல்மண்ணோடு சரி. சிந்திய எண்ணெய் தங்குவதும் அங்கேதான்.

மூன்று தட்டுப்பாடுகள்

முதலாவது, ஈரம். எண்ணெய் படிந்த மண்துகளில் தண்ணீர் ஒட்டாது. விதை ஊறாது, முளைத்தாலும் வேர் ஈரத்தை உறிஞ்சத் திணறும்.

இரண்டாவது, காற்று. மண்ணின் இடுக்குகளை எண்ணெய் அடைத்துவிடும். எஞ்சிய ஆக்சிஜனை, எண்ணெயைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள் எடுத்துக்கொள்ளும். தண்ணீர் தேங்கும் காவிரி டெல்டாக் களிமண்ணில் இந்த மூச்சுமுட்டல் இன்னும் கடுமை.

மூன்றாவது, தழைச்சத்து. எண்ணெயில் கரிமம் மிகுதி, தழைச்சத்து சொற்பம். நுண்ணுயிரிகள் பெருகும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தை அவை பிடித்து வைத்துக்கொள்வதால் கன்றின் இலை வெளிறும்.

எண்ணெய் போனாலும் உப்பு போகாது

உழுது காற்றோட்டம் தந்து, ஈரமும் தழைச்சத்தும் கொடுத்தால் நுண்ணுயிரிகள் எண்ணெயைப் படிப்படியாகச் சிதைக்கும். டெரி (TERI) ஆய்வு நிறுவனம் உருவாக்கிய ‘ஆயில்ஜாப்பர்’ இதற்கான நுண்ணுயிர்க் கலவைதான். ஆனால் எண்ணெய்க் கிணற்றில் எண்ணெயோடு மேலே வரும் நீர் பெரும்பாலும் உப்புநீர். அதுவும் சேர்ந்து கசிந்திருந்தால், சோடியம் களிமண்ணை இறுக்கிவிடும். நுண்ணுயிரிகளால் உப்பைச் சிதைக்க முடியாது. ஜிப்சம் இட்டு, நல்ல தண்ணீர் பாய்ச்சி, வடிகால் வழியே வெளியேற்ற வேண்டும்.

விவசாயியே சோதிக்கலாம்

கசிவு நேர்ந்த வயலின் மண்ணை ஒரு தொட்டியிலும், அதே ஊரின் நல்ல மண்ணை இன்னொன்றிலும் நிரப்பி, இரண்டிலும் ஒரே அளவு பாசிப்பயறு விதையுங்கள். முளைத்த எண்ணிக்கையையும் வேரின் நீளத்தையும் ஒப்பிட்டால் மண்ணின் நிலை ஓரளவு தெரியும். வித்தியாசம் பெரிதாக இருந்தால் ஆய்வகப் பரிசோதனை அவசியம்.

2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் டெல்டாவில் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களைத் தடுக்கிறது. முன்பே நடந்துவருபவை தொடர்கின்றன. ஆகவே கசிவு அபாயம் நீங்கிவிடவில்லை. மேலே மிதக்கும் எண்ணெயை வழித்தெடுத்ததும் ‘சுத்தம் செய்தாயிற்று’ என்று அதிகாரிகள் கோப்பை மூடக் கூடாது. அந்த மண்ணில் கன்று வேர்பிடித்து வளர்வதை உறுதிசெய்த பிறகே நிலத்தை விவசாயியிடம் ஒப்படைக்க வேண்டும்.