அவதானம் யாருடைய உடைமை?

‘அவதானம்’ என்னும் சொல்லை நம் நாட்டிலே தெருவோரப் பலகைகளிலும் புகையிரதக் கடவைகளிலும் காண்கிறோம். அபாயம் உண்டு, விழிப்புடன் செல்க என்பது அங்கே அதன் கருத்து. அதே சொல் தமிழ்க் கல்வி மரபிலே வேறொரு பெருமையுடன் வழங்கி வந்தது. ஒரே வேளையில் எட்டு விடயங்களை மனத்திற் கொண்டு எட்டுக்கும் பிழையற விடையிறுப்பவர் அட்டாவதானி. நூறு விடயங்களை அவ்வாறு ஏற்பவர் சதாவதானி. புலோலி தந்த நா. கதிரைவேற்பிள்ளை, திரு. வி. கலியாணசுந்தர முதலியாரின் ஆசிரியராக விளங்கியவர், சதாவதானி என்னும் பட்டத்துடனேயே இன்றும் நினைக்கப்படுகிறார். நாஞ்சில் நாட்டுச் செய்குத்தம்பிப் பாவலர் 1907ஆம் ஆண்டு சென்னை விக்டோரியா மண்டபத்திலே சதாவதானம் நிகழ்த்திப் பெரும்புகழ் பெற்றார்.

அவதான அரங்கு எவ்வாறு நடைபெறும் என்பதைச் சிறிது எண்ணிப் பார்ப்போம். ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார். ஒருவர் கணக்கொன்று கேட்பார். ஒருவர் சதுரங்கக் காயை நகர்த்துவார். ஒருவர் இடையிடையே மணியடிப்பார். இன்னொருவர் பின்னே நின்று நெல்லையோ சிறு கல்லையோ முதுகில் எறிவார். மணி எத்தனை முறை ஒலித்தது, கல் எத்தனை விழுந்தது என்பதையும் அவதானி ஈற்றிலே சொல்லல் வேண்டும். இடையூறுகளையே பொருளாகக் கொண்ட கலை அது. இடையூறுகள் அவரை இழுத்துச் செல்வதில்லை. அவரே அவற்றை ஒவ்வொன்றாக எண்ணித் தம்முள் அடுக்கி வைத்துக்கொள்கிறார்.

இன்று நம் சட்டைப்பையிலுள்ள கைத்தொலைபேசியும் ஓயாது மணியடிக்கிறது. நொடிக்கொரு சிறு கல்லை நம்மீது எறிகிறது. ஆனால் எண்ணிக்கை மட்டும் கைமாறிவிட்டது. எறிபவரே நம்மை எண்ணிக்கொண்டிருக்கிறார். நாளொன்றுக்கு எத்தனை முறை திறந்தோம், எந்தப் படத்தின்மீது விரல் தயங்கிற்று, எவ்விடத்தில் அலுத்து விலகினோம் என்பனவெல்லாம் தொலைவிலுள்ள கணினிகளிலே கணக்காகப் பதிகின்றன. அந்தக் கணக்கைக் கொண்டே அடுத்த கல் எறியப்படுகிறது.

இந்நிலையை ஓர் ஒழுக்கக் குறைபாடாகப் பேசுவதே நம்மவர் வழக்கம். மாணவருக்குப் பொறுமையில்லை, இளைஞர் வாசிப்பதில்லை, மன உறுதி தேய்ந்துவிட்டது என்று ஆசிரியர் கூட்டங்களிலே நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அந்தக் குறைகூறலில் ஒருபாதி உண்மை இருக்கலாம். எனினும், களவு போன வீட்டிலே வீட்டுக்காரனின் அயர்ந்த தூக்கத்தை மட்டும் விசாரித்து, களவைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாது விடுவது நீதியாகுமா? நமது கவனம் சிதறுவதற்குப் பின்னால் ஒரு வியாபாரம் இருக்கிறது. அதன் வரலாற்றை அறிந்தாலன்றி அதனை எதிர்க்கும் வழி புலப்படாது.

1833ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் பெஞ்சமின் டே என்பவர் நியூ யோர்க் நகரிலே ‘சன்’ என்னும் பத்திரிகையைத் தொடங்கினார். ஏனைய பத்திரிகைகள் ஆறு சதத்துக்கு விற்ற காலத்தில் இது ஒரு சதத்துக்கு விற்றது. அந்த ஒரு சதத்தை நம்பி அவர் தொழில் நடத்தவில்லை. மலிவான விலையாற் பெருங்கூட்டத்தைத் திரட்டி, அக்கூட்டத்தின் பார்வையை விளம்பரகாரருக்கு விற்றார். வாசகன் வாங்குபவனாயிருந்த நிலை மாறி, விற்கப்படும் சரக்காகவும் ஆனது அன்றுதான் எனலாம். கூட்டத்தைக் கலையாமல் வைத்திருக்க வேண்டிய தேவை எங்கே கொண்டுபோய் விடும் என்பதும் விரைவிலேயே தெரிந்தது. 1835இல் அதே பத்திரிகை, சந்திரனிலே வௌவாற் சிறகுடைய மனிதர் வாழ்வதாக ஒரு கட்டுக்கதையை விஞ்ஞானச் செய்தி போலத் தொடர்ந்து வெளியிட்டது. பொய் என்று தெரிந்த பின்னரும் பத்திரிகைக்கு நட்டம் உண்டாகவில்லை.

வானொலியும் இதே வழியிற் சென்றது. நம் நாட்டிலே 1950ஆம் ஆண்டு தொடங்கிய இலங்கை வானொலியின் வர்த்தக சேவை, பாக்குநீரிணைக்கு அப்பாலும் தமிழ் நேயர்களை ஈர்த்தது. விளம்பரமே அதன் வருவாய். அதனால் நாம் பெற்ற இன்பத்தை யாரும் மறுக்க முடியாது. ஆயினும் அன்றைய விளம்பரகாரனுக்கு ஓர் எல்லை இருந்தது. கேட்பவன் முகம் அவனுக்குத் தெரியாது. பெட்டிக்கு முன்னால் ஆள் இருக்கிறானா, எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டானா என்பதையும் அவன் அறியமாட்டான். நிகழ்ச்சிக்கு முடிவு உண்டு. இரவுக்குச் சேவை நிறுத்தமும் உண்டு.

அவ்வெல்லைகள் இரண்டும் நம் காலத்திலே தகர்ந்தன. செய்தி பெருகப் பெருக அதனை ஏற்கும் கவனம் அருகிப் போகும் என்பதை ஹேர்பர்ட் சைமன் என்னும் அமெரிக்க அறிஞர் 1971லேயே எடுத்துக் காட்டினார். அருகிய பொருளுக்கு விலை ஏறும் என்பது சந்தையின் விதி. பின்னர் பொருளியலுக்காக நோபெல் பரிசு பெற்ற அவர் அதனை ஓர் எச்சரிக்கையாகச் சொன்னார்; கலிபோர்னியாவின் கம்பனிகள் அதிலே ஒரு சுரங்கத்தைக் கண்டன.

அச்சுரங்கம் தோண்டப்படும் முறையை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். புத்தகத்துக்குப் பக்கம் உண்டு, அத்தியாயம் உண்டு. பக்கம் முடியுமிடத்தில் வாசகன் ஒரு கணம் நின்று, மேலே போவதா, மூடி வைப்பதா என்று தீர்மானிக்கிறான். தொடக்க கால இணையத்திலும் பக்கத்தின் அடியிலே நிறுத்தம் இருந்தது. 2006ஆம் ஆண்டளவில் அசா ரஸ்கின் என்னும் வடிவமைப்பாளர், விரலால் தள்ளத் தள்ள முடிவின்றி நீளும் பக்கத்தை உருவாக்கினார். தீர்மானிக்கும் கணம் அத்துடன் ஒழிந்தது. அதனைச் செய்தமைக்காக அவரே பிற்காலத்தில் வெளிப்படையாக வருந்தினார்.

முடிவில்லாத இந்த ஏட்டிலே அடுத்து வருவது பொன்னா, பதரா என்பது யாருக்கும் தெரியாது. தெரியாமையே அதன் பலம். ஸ்கின்னர் என்னும் உளவியலாளர் புறாக்களை வைத்துச் செய்த பரிசோதனைகளை இங்கு நினைவுகூரலாம். கூண்டிலுள்ள பொத்தானைக் கொத்தும்போது எப்போது தீனி விழும் என்று கணிக்க முடியாதபடி வைத்தால், புறா ஓய்வின்றிக் கொத்திக்கொண்டேயிருக்கும். சூதாட்ட இயந்திரத்தின் முன்னே அமர்ந்தவன் எழுந்திருக்க முடியாமல் தவிப்பதற்கும் இதுவே காரணம். விருப்பக்குறியும் அறிவிப்பு மணியும் நம் கைக்குள் வந்த தீனிப்பொத்தான்கள். முகநூலின் முதல் தலைவராயிருந்த ஷோன் பார்க்கர், மனித உளவியலின் பலவீனத்தைத் தெரிந்தே பயன்படுத்தினோம் என்ற பொருள்பட 2017இல் பகிரங்கமாகக் கூறினார். முகநூலை நடத்தும் மெற்றா கம்பனி 2023இல் ஈட்டிய வருவாய் ஏறத்தாழ 13,500 கோடி டொலர். அதில் 100க்கு 97 பங்குக்கு மேல் விளம்பரத்தால் வந்தது. நாம் இலவசமாகப் பெற்றோம் என்று எண்ணியதன் விலை அது.

இலக்கிய வாசகர்க்கு இதனால் நேரும் இழப்பு எத்தகையது? செய்யுளுக்குப் பொருள்கொள்ளும் முறை எட்டென நன்னூல் வகுக்கிறது. அவற்றுள் பூட்டுவிற் பொருள்கோள் என்பது, செய்யுளின் முதலில் நிற்கும் சொல் ஈற்றில் நிற்கும் சொல்லோடு சென்று பொருந்துவது. வில்லின் இரு முனைகளையும் நாண் பூட்டுவது போல, வாசகன் முதற்சொல்லை இறுதிவரை மனத்திலே தாங்கிச் செல்லல் வேண்டும். நடுவிலே ஒரு மணி ஒலித்து மனம் நழுவினால் நாண் அறுந்துபோகும். கண்கள் எழுத்தின்மீது ஓடினாலும் செய்யுள் கைக்கு வராது. செய்யுளுக்கு மட்டுமன்று, நமது உரைநடைக்கும் இது பொருந்தும். தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று பெரும்பாலும் கடைசியிலே வருகிறது. நாவலரின் நீண்ட வாக்கியமொன்றை வாசிப்பவன், எழுவாயைக் கைவிடாது, இடைப்பட்ட எச்சங்களைக் கோத்துக்கொண்டு, முற்று வரும்வரை பொறுத்திருக்கிறான். நம் மொழியின் அமைப்பே அவதானத்தை எதிர்பார்ப்பது. அவதானம் குறையுமிடத்து நூல்கள் அழிவதில்லை. அலுமாரியில் அழகாகவே இருக்கும். அவற்றைப் பிடித்து நிறுத்தும் மனம் மட்டும் இராது.

‘இத்தனை பேச்சு எதற்கு? தொலைபேசியை மூடி வைத்தாற் போதுமே’ என்று ஒருவர் வினாவுதல் கூடும். மூடி வைக்க முடிந்தவர் மூடி வைப்பது நன்றே. ஆனால் இவ்வறிவுரை எனக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டை நினைவூட்டுகிறது. அக்காலத்து ஆலைத் தொழிலாளர் நாளொன்றுக்குப் பன்னிரண்டு, பதினான்கு மணிநேரம் உழைத்தனர். மார்க்ஸ் 1867இல் வெளியிட்ட ‘மூலதனம்’ முதற்பாகத்தில் வேலைநாளைப் பற்றிய அத்தியாயம் அதற்குச் சான்று. களைப்பாயிருந்தால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாமே என்று அத்தொழிலாளியிடம் சொல்வதில் என்ன பயன்? தனியொருவனின் மன உறுதியால் வேலைநேரம் குறையவில்லை. எட்டு மணிநேரம் வேலை, எட்டு மணிநேரம் ஓய்வு, எட்டு மணிநேரம் உறக்கம் என்ற பாகுபாட்டை றொபேட் ஓவன் முன்வைத்தார். 1886 மே மாதம் சிக்காகோவிலே அதற்காகக் குருதி சிந்தப்பட்டது. 1919இல் சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்தின் முதலாவது சமவாயம் எட்டு மணிநேர நாளை ஏற்றது.

அன்று போராடி மீட்ட ஓய்வுக்கான அந்த எட்டு மணிநேரத்தைத்தான் இன்றைய கவன வியாபாரம் மூலப்பொருளாகக் கொண்டிருக்கிறது. உறக்கமும் தப்பவில்லை. நெற்பிளிக்ஸ் கம்பனியின் தலைவர் ரீட் ஹேஸ்ரிங்ஸ், உறக்கமே தமக்குப் போட்டி என்று 2017இல் சொன்னார். வேடிக்கையாகச் சொன்னாரெனினும், வியாபாரத்தின் போக்கை அவ்வளவு தெளிவாக அதன் எதிரிகளும் சொன்னதில்லை.

எதிர்ப்பும் இல்லாமலில்லை. பிரேசில் நாட்டின் சாவோ பாவுலோ நகரம் 2007இல் தெருவெங்கும் நின்ற விளம்பரப் பலகைகளைச் சட்டத்தால் அகற்றியது. அவற்றின் பின்னே மறைந்திருந்த கட்டிடங்கள் நகரத்தாரின் கண்ணிற் பட்டன. வேலைநேரத்துக்குப் பின் அலுவலகச் செய்திகளிலிருந்து விலகியிருக்கும் உரிமையைத் தரும் பிரெஞ்சுச் சட்டம் 2017இல் நடைமுறைக்கு வந்தது. பதினாறு வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகங்களிற் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் அவுஸ்திரேலியச் சட்டம் 2025 டிசெம்பரில் நடைமுறைக்கு வந்தது. இச்சட்டங்கள் எவ்வளவு பயன்தரும் என்பதைக் காலம் காட்டும். கவனம் பொதுநலத்துக்கு உரிய பொருள், அதனைக் காப்பது தனிமனிதனின் தலையில் மட்டும் சுமத்தத் தக்கதன்று என்ற எண்ணம் அவற்றில் உண்டு என்பதே நான் கருதுவது.

இயந்திரத்தின்மீது பழி போடுவதும் தவறு. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம், ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் பல்லாயிரக்கணக்கிற் பதிந்து, கட்டணமின்றி உலகெங்கும் வழங்குகிறது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரியூட்டப்பட்டதைக் கண்ட ஒரு சமூகத்துக்கு அப்பணி எவ்வளவு அரியது என்பதை நான் விரிக்க வேண்டியதில்லை. அதுவும் இதே திரையிலேதான் தெரிகிறது. அங்கே நம்மைப் பிடித்து வைக்க யாரும் மணியடிப்பதில்லை. தேடிய நூலை எடுத்துக்கொண்டு போகலாம். ஆகவே திரை நன்றா தீதா என்று வாதிடுவதிலும், அத்திரை யாருடைய இலாபத்துக்காக இயங்குகிறது என்று கேட்பதே தக்கது.

நம் முன்னோர் அவதானத்தைத் தனிமனிதத் தவமாக விட்டுவிடவில்லை. கோயில்களிலே கந்தபுராணம் படிக்கப்படும்போது ஒருவர் செய்யுளை வாசிப்பார். மற்றொருவர் பயன் சொல்வார். நாட்கணக்காக ஊரே கூடியிருந்து கேட்கும். எழுத்தறியாதவருக்கும் நீண்ட கதையொன்றை முழுமையாகத் தாங்கும் ஆற்றல் அந்தக் கூட்டத்தால் வந்தது. ஊர்தோறும் எழுந்த வாசிகசாலைகளும் அதே தொண்டைச் செய்தன. ஒருவர் பத்திரிகை வாசிக்கையில் அருகிலிருப்பவர் பேசாதிருப்பது அங்கே எழுதாச் சட்டம்.

அவற்றை நம் காலத்துக்கு ஏற்ப மீண்டும் அமைக்க முடியும். பாடசாலையிலே வாரத்துக்கு ஒரு பாடவேளையை, பரீட்சைக்கும் புள்ளிக்கும் தொடர்பின்றி, ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து ஒரே நூலை உரக்க வாசித்துப் பயன் சொல்வதற்கு ஒதுக்கலாம். அவ்வேளையில் ஆசிரியரின் தொலைபேசியும் மேசை லாச்சிக்குள் இருத்தல் வேண்டும். இலக்கிய வட்டங்கள் மாதந்தோறும் புதிய நூல்களை வெளியிட்டுப் பாராட்டுவதோடு நில்லாமல், ஒரு பழைய நூலை ஆண்டு முழுவதும் படித்து முடிக்கலாம். கவனத்தை விற்கும் கம்பனிகளை எந்நியதிக்குள் நிறுத்துவது என்ற கேள்வியைத் தொழிற்சங்கங்களும் ஆசிரியர் சங்கங்களும் தம் கூட்டங்களிலே எடுத்துப் பேசலாம். முதற் படிப்புக்கு நன்னூலே போதும். பூட்டுவிற் பொருள்கோளுக்கு ஒரு செய்யுளை எடுத்து, முதற்சொல்லை நழுவவிடாமல் ஈற்றுச்சொல்வரை வகுப்பு முழுவதும் சேர்ந்து சென்று பார்க்கட்டும்.