போர்க்காலத்தில் இலங்கைச் சுற்றுலாத் துறை

கொழும்பில் சுற்றுலாப் பணியகம் 1937-இல் தொடங்கப்பட்டது. கிழக்குக்கும் மேற்குக்கும் இடையே ஓடிய கப்பல்கள் நிலக்கரியும் தண்ணீரும் ஏற்றத் துறைமுகத்தில் நிற்கும். அந்த இடைவேளையில் கரையிறங்கும் பயணிகளைக் கவனிப்பதே அதன் முதல் வேலை. இரண்டாம் உலகப்போரால் 1940-இல் அது மூடப்பட்டது. சுதந்திரத்துக்குப் பின் அரசுப் பணியகமாக மீண்டும் எழுந்தது. 1966-இல் சுற்றுலாச் சபை அமைந்தது.

1983-இல் மூண்ட உள்நாட்டுப் போரின்போது சபையின் கதவு மூடப்படவில்லை. ஆனால் 1982-இல் 4 லட்சத்தைத் தாண்டிய பயணிகள் எண்ணிக்கை 1987-இல் 2 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. தென்கடற்கரையைக் காட்டி வெளிநாட்டினரை அழைத்த அதே காலத்தில், தமிழர்கள் ஊரைவிட்டு இத்தாலியின் பலேர்மோ வரை சிதறியது எந்த விளம்பரத்திலும் வராத வேதனை. 2001 ஜூலையில் கட்டுநாயக்க விமான நிலையம் தாக்கப்பட்டபின் வருகை மறுபடி சரிந்தது. போர் முடிந்த மறு ஆண்டான 2010-இல் 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர்.