ஏழில் ஓர் இடம் காலியாக இருக்கட்டும்

முகூர்த்த நாள் காலையில் மதுரை விளக்குத்தூண் பக்கம் போகிறவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. ஜவுளிக்கடை வாசல்களில் இரண்டு வரிசையாக டூவீலர்கள். அவற்றுக்கு வெளியே சரக்கு இறக்கும் லோடு ஆட்டோ. அதற்கும் வெளியே, "ரெண்டே நிமிஷம்ணே, இந்தா வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனவரின் கார். மிஞ்சிய ஒற்றைத் தடத்தில் ஷேர் ஆட்டோவும் தள்ளுவண்டியும் கைக்குழந்தையோடு நடப்பவர்களும் போயாக வேண்டும். ஜனங்களுக்கு ஒழுங்கு போதாது என்று அலுத்துக்கொண்டு நாம் கடந்துவிடுகிறோம். ஆனால் இந்த நெரிசலுக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. அது புரிந்தால் தீர்வும் கைக்கு எட்டும்.

வீதி வளராது

மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிச் சித்திரை, ஆவணி மூல, மாசி வீதிகள் சதுரத்துக்குள் சதுரமாக அமைந்திருக்கின்றன. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தபோது வெளி வீதிகளும் மாரட் வீதிகளும் வந்து சேர்ந்தன. விளக்குத்தூணே அவர் நினைவாக எழுந்ததுதான். அதன் பிறகு நகரம் வைகையைத் தாண்டிப் பரந்தது. 2011இல் மாநகராட்சி 100 வார்டுகளாக விரிந்தது. ஆனாலும் நகைக்குத் தெற்கு ஆவணி மூல வீதி, பலசரக்குக்குக் கீழமாசி வீதி என்று மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி மக்கள் வந்து குவிவது அந்தப் பழைய சதுரத்துக்குள்தான்.

ஒரு காரை நிறுத்த 5 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம் வேண்டும். இருபுறமும் கார்கள் நின்றால் வீதியின் அகலத்தில் 5 மீட்டர் போய்விடுகிறது. 2020 தீபாவளியன்று தெற்கு மாசி வீதியை ஒட்டிய நவபத்கானா தெருவில் ஜவுளிக்கடை தீப்பிடித்து, கட்டடம் இடிந்து விழுந்ததில் இரண்டு தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள். இப்படிப்பட்ட தெருக்களில் தீயணைப்பு வண்டிக்கு வழி விட்டு வைப்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

கடைசிச் சில இடங்கள்

ஊரின் கடைவீதிகளில் வண்டி நிறுத்த ஆயிரக்கணக்கான இடங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவற்றில் நூற்றுக்கு 85 நிரம்பியிருந்தால், தேடி வருபவர் சராசரியாக ஏழு இடங்களைக் கடப்பதற்குள் ஒரு காலி இடம் கிடைத்துவிடும். 95 நிரம்பினால் இருபது இடங்களைக் கடக்க வேண்டும். 99 நிரம்பினால் நூறு! கூடுதலாக நின்றவை நூற்றுக்கு 14 வண்டிகள்தான். தேடும் தூரமோ பதினான்கு மடங்குக்கும் மேல் ஆகிவிட்டது. கடைசிச் சில இடங்கள் நிரம்பும்போதுதான் வீதி திடீரென்று மூச்சுத் திணறுகிறது. இடம் கிடைக்காதவர் இன்னொரு சுற்று வருகிறார், அல்லது நட்ட நடுவில் நிறுத்திவிட்டுப் போகிறார்.

வாழ்நாளெல்லாம் இதை ஆராய்ந்தவர் கலிபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் ஷூப். லாஸ் ஏஞ்சல்ஸில் 15 தெருப்பகுதிகளே கொண்ட ஒரு சிறிய கடைவீதியில், ஒருவர் இடம் தேடும் நேரம் சராசரியாக 3.3 நிமிடம் என்று அவர் அளந்தார். அற்பமாகத் தெரியும் அந்த நிமிடங்கள், வருடம் முழுவதும் கூட்டினால் சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் வீண் ஓட்டம் ஆயின. ஏழில் ஓர் இடம் எப்போதும் காலியாக இருக்கும்படி கட்டணத்தை வைக்க வேண்டும்; வசூலாகும் பணத்தை அதே வீதிக்குச் செலவிட வேண்டும். இதுதான் 2005இல் வெளிவந்த புத்தகத்தில் அவர் சொன்ன யோசனை.

நேரத்துக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. காலை கடை திறக்கும்போது நிறுத்திய வண்டி இரவு வரை நின்றால் ஓர் இடம் ஒருவருக்குத்தான். மணிக்கு ஒருவர் மாறினால் அதே இடம் பத்து வாடிக்கையாளருக்கு உதவும். கட்டுப்பாடு வந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று அஞ்சும் கடைக்காரர்கள், தங்கள் கடைவாசலை நாள் முழுக்க அடைத்து நிற்பது யாருடைய வண்டி என்று ஒருமுறை பார்க்க வேண்டும்.

அபராதமா, நிச்சயமா?

எத்தனை விதி போட்டாலும் அமல் இல்லாவிட்டால் பலன் இல்லை. இதற்கு நியூயார்க்கில் ஓர் அபூர்வமான சான்று கிடைத்தது. அங்கே ஐ.நா.வுக்கு வந்த வெளிநாட்டுத் தூதரக அதிகாரிகளின் பார்க்கிங் அபராதத்தைச் சட்டப்படி வசூலிக்க முடியாது. 1997 முதல் 2002 வரை அவர்கள் கட்டாமல் விட்ட சீட்டுகள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். 2002 அக்டோபரில், பாக்கி வைத்தவர்களின் தூதரக நம்பர் பிளேட்டைப் பறிக்கலாம் என்று நகர நிர்வாகத்துக்கு அதிகாரம் வந்தது. மீறல்கள் ஏறத்தாழ 98 சதவீதம் குறைந்தன! ரேமண்ட் ஃபிஸ்மன், எட்வர்ட் மிகேல் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் இதை ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார்கள். ஆட்கள் அதே ஆட்கள், வீதிகளும் அதே வீதிகள். மீறினால் விளைவு நிச்சயம் என்பது மட்டுமே புதிது.

தமிழ்நாட்டில் 2022 அக்டோபர் முதல் நோ பார்க்கிங் அபராதம் முதல் தடவைக்கு 500 ரூபாய், அடுத்த தடவைக்கு 1,500 ரூபாய். போலீஸ்காரர் கையிலிருக்கும் இ-சலான் கருவி வண்டியைப் படம் பிடிக்கிறது. பதிவெண்ணை வைத்து உரிமையாளரின் விவரத்தை எடுத்து, செல்போனுக்குத் தகவல் அனுப்பிவிடுகிறது. கேமரா சாட்சியத்தைக் கொண்டே சலான் போட 2021இல் வந்த மத்திய அரசின் விதி வழி செய்திருக்கிறது. தவறான பார்க்கிங்கும் அதன் பட்டியலில் உண்டு. ஆக, கருவியும் சட்டமும் கையில் இருக்கின்றன. வேண்டியது அன்றாடத் தொடர்ச்சி. என்றோ ஒருநாள் வண்டிகளை அள்ளிப்போட்டுக்கொண்டு போவதைவிட, தினமும் தவறாமல் விழும் சிறிய அபராதம்தான் பழக்கத்தை மாற்றும். இன்றைக்கு மாட்டியவர் அதைக் கெட்ட நேரம் என்று நினைக்கிற வரை எதுவும் மாறாது.

மதுரைக்கு என்ன வேண்டும்?

ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் வடக்கு ஆவணி மூல வீதியில், பழைய சென்ட்ரல் மார்க்கெட் இருந்த இடத்தில் மல்டிலெவல் பார்க்கிங் எழுந்திருக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட கார்களும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட டூவீலர்களும் அங்கே நிற்கலாம். ஆனால் வீதியோரம் இலவசம், கட்டடத்துக்குள் கட்டணம் என்றால் யார் மாடி ஏறுவார்கள்? வீதியோரக் கட்டணம் கட்டடத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். சில நிமிட வேலைக்கு வருபவருக்கே வீதி, நாள் முழுக்க நிறுத்துபவருக்குக் கட்டடம் என்று பிரிய வேண்டும். சரக்கு இறக்கத் தனி நேரமும், மாற்றுத்திறனாளிகளுக்கு வாசலருகே இடமும் ஒதுக்க வேண்டும். கட்டண விவரம் பெரிய எழுத்தில் பலகையில் இருக்க வேண்டும். ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. வசூலான பணம் அதே வீதியின் நடைபாதைக்கும் கழிப்பறைக்கும் திரும்பினால் வியாபாரிகளே இதற்கு முன்நிற்பார்கள்.

சித்திரைத் தேரோட்டத்தன்று மாசி வீதிகளை ஒரு வண்டிகூட இல்லாமல் நம்மால் காலி செய்ய முடிகிறது. ஆகவே முடியாது என்ற பேச்சுக்கு இடமில்லை. மாசி வீதியில் எந்த மணியில் எத்தனை இடம் நிரம்புகிறது என்பதை ஒரு மாதம் எண்ணிப் பார்த்தால் போதும். நம் கல்லூரி மாணவர்களே அதைச் செய்துவிடுவார்கள். அந்த எண்களை மாநகராட்சியும் காவல்துறையும் மக்கள் முன் வைத்து, அதிலிருந்தே கட்டணத்தையும் நேரத்தையும் முடிவு செய்யட்டும். வீதி, வண்டி இல்லாதவருக்கும் சொந்தம்.