காப்பீட்டுக் கணிப்பாளர் தேர்வு: நிகழ்தகவுத் தாளுக்குத் தயாராவது எப்படி?

கொல்கத்தா: காப்பீட்டு நிறுவனங்களில் பிரீமியத் தொகையை நிர்ணயிப்பதற்கும், எதிர்காலத்தில் வரக்கூடிய இழப்பீட்டுக் கோரிக்கைகளுக்காக எவ்வளவு பணம் ஒதுக்கி வைக்க வேண்டும் என்று கணக்கிடுவதற்கும் பொறுப்பேற்பவர் ‘ஆக்சுவரி’ எனப்படும் காப்பீட்டுக் கணிப்பாளர். இப்பணிக்கான தகுதித் தேர்வுகளில் மாணவர்கள் தொடக்கத்திலேயே எதிர்கொள்ளும் பாடம் நிகழ்தகவு. பள்ளிக் கணிதத்தில் முழு மதிப்பெண் பெற்றவர்களும் இந்தத் தாளில் தடுமாறுவதுண்டு. சூத்திரம் தெரியாதது அதற்குக் காரணமன்று. கேள்வியில் சொல்லப்பட்ட நிபந்தனையைக் கவனிக்காமல் கணக்கைத் தொடங்குவதே பெரும்பாலும் காரணமாகிறது.

கொல்கத்தாவின் பங்கு

தெற்குக் கொல்கத்தாவில் ரவீந்திர சரோவர் ஏரியை ஒட்டி அமைந்துள்ள குடியிருப்புப் பகுதி லேக் கார்டன்ஸ். ஏரிக்கு மறுபுறம் உள்ள லேக் மார்க்கெட் வட்டாரத்தில் தமிழ்க் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றன. இப்பகுதியிலிருந்து இத்தேர்வுக்குத் தயாராகும் ஒரு மாணவர், தாம் படிக்கும் பாடத்தின் வரலாற்றைத் தமது நகரத்திலேயே காண முடியும்.

இந்தியாவின் முதல் ஆயுள் காப்பீட்டு நிறுவனமாகக் கருதப்படும் ஓரியண்டல் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் 1818ஆம் ஆண்டு கல்கத்தாவில்தான் தொடங்கப்பட்டது. ஆனால், அது ஐரோப்பியர்களின் தேவைக்காக ஏற்படுத்தப்பட்டது. கல்கத்தாவின் வணிகப் பிரமுகர் மோதிலால் சீல் போன்றோரின் முயற்சியால் பின்னர் இந்தியர்களுக்கும் காப்பீடு வழங்கப்பட்டது. எனினும், இந்தியர்களின் உயிர் தரம் குறைந்ததாகக் கருதப்பட்டு அவர்களிடம் கூடுதல் பிரீமியம் வசூலிக்கப்பட்டது. 1870இல் தொடங்கப்பட்ட பம்பாய் மியூச்சுவல் நிறுவனம்தான் இந்தியர்களுக்கு வழக்கமான கட்டணத்தில் காப்பீடு வழங்கியது. ஒரு மனிதர் எத்தனை ஆண்டு வாழக்கூடும் என்ற மதிப்பீடு, அவருடைய குடும்பம் எவ்வளவு பணம் கட்ட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. அந்த மதிப்பீடு எந்தத் தரவின் மீது நிற்கிறது என்று கேட்பதே ஆக்சுவரியின் முதல் கடமை.

புள்ளியியல் துறையிலும் கொல்கத்தாவுக்குத் தனி இடம் உண்டு. பி.சி. மகலனோபிஸ் 1931இல் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனம் நகரின் வடக்கே பராநகரில் இயங்கி வருகிறது. அங்குப் பணியாற்றிய சி.ஆர். ராவ், 1945இல் கல்கத்தா கணிதச் சங்கத்தின் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரு மதிப்பீட்டின் துல்லியத்துக்கு எட்டக்கூடிய எல்லை எது என்பதைக் கூறும் அந்த முடிவு, இன்று ‘கிராமர்–ராவ் எல்லை’ என்ற பெயரில் ஆக்சுவரி தேர்வின் புள்ளியியல் பாடத்திட்டத்தில் இடம்பெற்றுள்ளது. வகுப்பில் மாணவர் ஒருவர் எழுப்பிய ஐயமே அந்த ஆய்வுக்குத் தூண்டுகோலாக இருந்தது என்று ராவ் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். அவருக்கு 2023ஆம் ஆண்டின் சர்வதேசப் புள்ளியியல் பரிசு வழங்கப்பட்டது.

இரண்டு வழிகள்

இந்தியாவில் இத்துறையை ஒழுங்குபடுத்தும் அமைப்பு, 2006ஆம் ஆண்டின் ஆக்சுவரிகள் சட்டப்படி இயங்கும் இந்திய ஆக்சுவரிகள் நிறுவனம். 1944இல் உருவான இந்திய ஆக்சுவரிச் சங்கத்தின் தொடர்ச்சி இது. இதில் மாணவராகச் சேர ‘ஏசிஇடி’ எனப்படும் பொது நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். கணிதம், புள்ளியியல், தரவு விளக்கம், ஆங்கிலம், தர்க்கத் திறன் ஆகியவற்றில் கேள்விகள் கேட்கப்படும். அதன்பின் வரும் ‘சிஎஸ்1’ என்ற ஆக்சுவரி புள்ளியியல் தாளில் நிகழ்தகவு ஆழமாகச் சோதிக்கப்படுகிறது. எழுத்துத் தேர்வுடன், கணினியில் ‘ஆர்’ மென்பொருளைக் கொண்டு தரவுகளைப் பகுத்தாயும் பகுதியும் இதில் உண்டு.

மற்றொரு வழி, அமெரிக்காவின் ஆக்சுவரிகள் சங்கம் நடத்தும் ‘பி’ தேர்வு. நிகழ்தகவுக்கென்றே அமைந்த இத்தேர்வில் 3 மணி நேரத்தில் 30 கொள்குறி வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். ஒரு வினாவுக்குச் சராசரியாக 6 நிமிடங்கள் கிடைக்கும். பொது நிகழ்தகவு, ஒற்றைச் சமவாய்ப்பு மாறிகள், பல மாறிகளின் கூட்டுப் பரவல்கள் ஆகிய மூன்றும் பாடத்திட்டத்தின் பிரிவுகள்.

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் முழுத் தகுதி பெறப் பல ஆண்டுகள் பல தாள்களை எழுத வேண்டியிருக்கும். கல்லூரிப் படிப்புடனோ வேலையுடனோ சேர்த்துத்தான் பெரும்பாலோர் இதைப் படிக்கின்றனர். எனவே, முதல் தாளிலேயே சரியான படிப்பு முறையைக் கைக்கொள்வது பின்னர் வரும் ஆண்டுகளைக் காக்கும்.

தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர்களுக்கு அடித்தளம் ஏற்கெனவே உள்ளது. 11ஆம் வகுப்புக் கணிதத்தில் நிபந்தனை நிகழ்தகவும் பேயீஸ் தேற்றமும், 12ஆம் வகுப்பில் சமவாய்ப்பு மாறிகளும் ஈருறுப்புப் பரவலும் கற்பிக்கப்படுகின்றன. இவற்றுடன் தொகை நுண்கணிதத்தில் தடையற்ற பயிற்சி இருந்தால் ஆக்சுவரி பாடத்தைத் தொடங்கலாம்.

நிபந்தனையைப் படித்தல்

இத்தேர்வுகளில் வரும் கேள்வி வகைக்கு ஓர் எடுத்துக்காட்டு: ஒரு வாகனக் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர்களில் 20 சதவீதம் பேர் இளைஞர்கள். ஓர் ஆண்டில் விபத்தில் சிக்கும் நிகழ்தகவு இளைஞருக்கு 10 சதவீதம், மற்றவர்களுக்கு 5 சதவீதம். விபத்தில் சிக்கிய ஒருவர் இளைஞராக இருப்பதற்கான நிகழ்தகவு என்ன?

அவசரப்படுபவர் 10 சதவீதம் என்றோ 20 சதவீதம் என்றோ விடையளித்துவிடுவார். மொத்தம் 1,000 பேர் என்று வைத்துக்கொண்டால் குழப்பம் தீரும். இளைஞர்கள் 200 பேரில் 20 பேரும், மற்ற 800 பேரில் 40 பேரும் விபத்தில் சிக்குவார்கள். ஆக மொத்தம் 60 பேர். அவர்களில் 20 பேர் இளைஞர்கள் என்பதால் விடை மூன்றில் ஒரு பங்கு. பேயீஸ் தேற்றம் சொல்வதும் இதைத்தான். ‘விபத்தில் சிக்கிய ஒருவர்’ என்ற சொற்றொடர், கணக்கிட வேண்டிய கூட்டத்தை 1,000 பேரிலிருந்து 60 பேராகச் சுருக்கிவிடுகிறது. அதைக் கவனிப்பவருக்குத் தேற்றம் மறந்துபோனாலும் விடை கிடைக்கும்.

சராசரி ஏமாற்றும் இடம்

இரண்டாவது எடுத்துக்காட்டு இன்னும் நுட்பமானது. ஒரு சேதத்தின் மதிப்பு 0 முதல் 1,000 ரூபாய் வரை எந்தத் தொகையாகவும் சமமான வாய்ப்புடன் இருக்கலாம். முதல் 250 ரூபாய் சேதத்தை வாடிக்கையாளரே ஏற்க வேண்டும்; அதற்கு மேற்பட்டதை மட்டும் நிறுவனம் தரும். நிறுவனம் தர வேண்டியிருக்கும் சராசரித் தொகை எவ்வளவு?

சராசரிச் சேதம் 500 ரூபாய். அதிலிருந்து 250ஐக் கழித்தால் 250 என்று விடை வருகிறது. இது தவறு. சேதம் 100 ரூபாயாக இருந்தால் நிறுவனம் எதுவும் தருவதில்லை. அதே வேளையில், வாடிக்கையாளரிடமிருந்து 150 ரூபாயைத் திரும்பப் பெறுவதும் இல்லை. வெறும் கழித்தல் கணக்கு அப்படித் திரும்பப் பெறுவதாகவே கருதிவிடுகிறது. சேதம் 250 ரூபாயைத் தாண்டுவதற்கான நிகழ்தகவு 0.75. தாண்டினால் நிறுவனம் சராசரியாகத் தரும் தொகை 375 ரூபாய். இரண்டையும் பெருக்கினால் 281 ரூபாய் 25 காசு என்ற சரியான விடை கிடைக்கும்.

வேறுபாடு 31 ரூபாய் 25 காசுதான். ஆனால், ஆளுக்கு ஒரு சேதம் என்ற கணக்கில் 10,000 பேருக்கு இதே தவறு நிகழ்ந்தால் நிறுவனம் குறைத்து மதிப்பிட்ட தொகை 3,12,500 ரூபாயாகும். தேர்வில் ஒரு மதிப்பெண்ணோடு போகும் பிழை, பணியில் இழப்பீடு கேட்டு வருபவருக்குத் தர வேண்டிய நிதியைக் குறைத்துவிடும்.

ஒன்றையொன்று சார்ந்த இழப்புகள்

கூட்டுப் பரவல் பகுதியில் மாணவர்கள் சூத்திரமாக மனப்பாடம் செய்யும் ஒரு கருத்து, கொல்கத்தாவாசிகளுக்கு அனுபவமாகவே தெரியும். லேக் கார்டன்ஸில் 100 வீடுகளுக்கு ஒரே நிறுவனம் காப்பீடு வழங்கியிருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு வீட்டின் இழப்புக்கும் திட்டவிலக்கம் 10,000 ரூபாய். இழப்புகள் ஒன்றையொன்று சாராதவை என்றால், மொத்த இழப்பின் திட்டவிலக்கம் 1 லட்சம் ரூபாய் மட்டுமே. 100இன் வர்க்கமூலமான 10ஐக் கொண்டு பெருக்கினால் போதும். தனித்தனி வீடுகளில் நிகழும் திருட்டுக்கு இந்த அனுமானம் ஓரளவு பொருந்தும்.

ஆனால், 2020 மே 20 அன்று மேற்கு வங்கக் கரையைக் கடந்த ஆம்பன் புயல் வீடு பார்த்து வரவில்லை. கொல்கத்தா முழுவதும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. ஒரு வீட்டுக்குச் சேதம் ஏற்பட்டால் பக்கத்து வீட்டுக்கும் சேதம் ஏற்படும் என்ற நிலையில், இழப்புகள் முழுமையாக ஒன்றையொன்று சார்ந்திருந்தால், அதே 100 வீடுகளின் மொத்தத் திட்டவிலக்கம் 10 லட்சம் ரூபாயாக உயரும். அதாவது, பத்து மடங்கு. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தைக் கண்டவர்களுக்கும் இது புதிதன்று. எனவே, ‘சார்பற்றவை’ என்ற சொல் கேள்வியில் இருக்கிறதா, இல்லையா என்று பார்த்த பின்னரே மாறுபாடுகளைக் கூட்ட வேண்டும்.

தயாரிப்பு அட்டவணை

தேர்வின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 100 மணி நேரம் படிக்க வேண்டும் என்பது இத்துறை மாணவர்களிடையே புழங்கும் பொதுக் கணக்கு. 3 மணி நேரத் தேர்வுக்கு 300 மணி நேரம். நாளொன்றுக்கு 2 மணி நேரம் ஒதுக்கினால் 150 நாள்கள், அதாவது ஐந்து மாதங்கள் தேவைப்படும்.

இக்காலத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்வது பயன் தரும். முதல் இரண்டு மாதங்களில் பாடப் பகுதிகளை முடித்து, ஒவ்வொரு பரவலும் எந்தச் சூழலில் பயன்படும் என்பதைச் சொந்த வார்த்தைகளில் எழுதி வைக்க வேண்டும். குறிப்பிட்ட காலத்தில் வரும் கோரிக்கைகளின் எண்ணிக்கைக்குப் பாய்சான் பரவல். அடுத்த கோரிக்கை வரை காத்திருக்கும் நேரத்துக்கு அடுக்குக்குறிப் பரவல். பெரும் எண்ணிக்கையிலான இழப்புகளின் கூட்டுத்தொகைக்கு இயல்நிலைப் பரவல் என்பது போல அக்குறிப்பு அமையலாம்.

அடுத்த இரண்டு மாதங்கள் கணக்குகளுக்கு உரியவை. அமெரிக்கச் சங்கம் ‘பி’ தேர்வுக்கான மாதிரி வினாக்களையும் விடை விளக்கங்களையும் இணையத்தில் இலவசமாக வெளியிட்டுள்ளது. இந்திய நிறுவனத்தின் முந்தைய வினாத்தாள்களும் கிடைக்கின்றன. விளக்கத்தைப் படித்துப் ‘புரிந்தது’ என்று நகர்ந்துவிடாமல், தவறிய கணக்கை ஒரு வாரம் கழித்து மீண்டும் வெற்றுத் தாளில் செய்து பார்ப்பதே உண்மையான சோதனை. தவறுகளைத் தனிக் குறிப்பேட்டில் பதியும்போது, கூட்டல் பிழையா, நிபந்தனையைத் தவறவிட்டதா, பரவலைத் தவறாகத் தேர்ந்ததா என்று வகைப்படுத்துவது நல்லது. எந்த வகை மிகுதியோ அதுவே அடுத்த வாரத்துப் பாடம்.

கடைசி மாதத்தில் நேரம் வைத்து முழுத் தேர்வுகளை எழுதிப் பழக வேண்டும். 6 நிமிடத்தில் முடியாத வினாவைக் குறித்து வைத்துவிட்டு அடுத்ததற்குச் செல்லும் பழக்கம் முக்கியமானது. ‘பி’ தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. ஐந்து விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முறை என்பதால், நேரமின்றி எஞ்சிய 5 வினாக்களுக்கு ஊகித்து விடை குறித்தாலும், ஒன்றாவது சரியாக இருப்பதற்கான நிகழ்தகவு ஏறத்தாழ 67 சதவீதம். காலியாக விட்டால் அது பூஜ்யம்.

முதல் முயற்சியில் தேர்ச்சி பெறாதவர்கள் இத்துறையில் ஏராளம். அவர்களுக்கும் தவறுகளைப் பதிந்த அந்தக் குறிப்பேடே அடுத்த முயற்சியின் தொடக்கப் புள்ளி. மற்றபடி, தேர்வறையில் பழகிய இந்தக் கவனம் பணியிலும் தொடர வேண்டியது. ஆயுள் காப்பீட்டு ஒப்பந்தம் 20, 30 ஆண்டுகள் நீடிக்கக்கூடியது. இன்று குறிக்கப்படும் பிரீமியம் சரியா, தவறா என்பது, அதை நம்பிப் பணம் கட்டிய குடும்பம் இழப்பீடு கேட்டு வரும் நாளில்தான் தெரியவரும்.