மூச்சை எண்ணத் தெரியுமா?



குழுவில் சேமிப்பு எவ்வளவு, கடன் பாக்கி எவ்வளவு என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவோம். ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறோம் என்று கேட்டால்? "அதெல்லாம் யாரு எண்ணுனா?" என்போம். ஆனால் உடம்பில் ஏதோ சரியில்லை என்ற சேதி பல நேரம் மூச்சில்தான் முதலில் தெரிகிறது.

மூச்சின் தனிக்குணம்

இதயத்தை "மெதுவாகத் துடி" என்றால் கேட்காது. மூச்சு அப்படியல்ல. தூங்கும்போது தானாக நடக்கும். விழித்திருக்கும்போது நாம் நினைத்தால் மெதுவாக்கலாம். மூச்சு மெதுவானால் இதயமும் அடங்கும். மணிக்கட்டில் நாடியைத் தொட்டுப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது நாடி சற்று வேகமாகும், விடும்போது சற்று நிதானமாகும். இளவயதுப் பெண்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

படபடப்பு ஏன் வருகிறது?

நாளைக்குத் தவணை கட்டணும், பணம் புரளவில்லை. அப்போது நம்மை அறியாமலே மூச்சு வேகமாகிறது. உடம்பில் இருக்க வேண்டிய கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியே போய்விடுகிறது. அதனால் தலை கிர்ரென்று சுற்றும், விரல் மதமதக்கும், நெஞ்சு அடைப்பது போலிருக்கும். சில ஊர்களில் "காத்து கருப்பு அண்டிடுச்சு" என்று மந்திரிக்கப் போய்விடுகிறார்கள். இந்த வகைப் படபடப்பு, உட்கார்ந்து மூச்சை மெதுவாக விட்டால் சில நிமிடங்களில் அடங்கும்.

அடங்காத மூச்சு

உட்கார்ந்தால் சரியாகிறது, ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் மறுபடி இரைக்கிறதா? இது பல நாளாக நடக்கிறதா? "வேலை ஜாஸ்தி, வயசாயிடுச்சு" என்று விட்டுவிடாதீர்கள். இரத்தசோகையாக இருக்கலாம். இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின்தான் பிராணவாயுவைச் சுமந்து செல்கிறது. அது குறைந்தால் நுரையீரலும் இதயமும் கூடுதலாக உழைக்க வேண்டும். பெண்களுக்கு 12 கிராம், கர்ப்பிணிகளுக்கு 11 கிராம் இருக்க வேண்டும். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இரத்தசோகை உள்ளது. மூச்சுப் பயிற்சியால் இது தீராது. விறகடுப்புப் புகை, ஆஸ்துமா, இதயக் கோளாறு காரணமாகவும் இரைக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிப் பரிசோதித்துக் கொள்ளுங்கள்.

எப்படி எண்ணுவது?

நம் மூச்சை நாமே எண்ணினால், கவனித்த உடனே அது மாறிவிடும். அதனால் இரண்டு இரண்டு பேராக உட்காருங்கள். ஐந்து நிமிடம் ஓய்வு. பிறகு ஒருவர் சும்மா இருக்க, மற்றவர் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணட்டும். வயிறோ நெஞ்சோ ஒருமுறை ஏறி இறங்கினால் ஒன்று. பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இருக்கும். உங்கள் எண்ணைக் குறித்து வையுங்கள்.

மூச்சுப் பயிற்சி

* முதுகை நிமிர்த்தி உட்காருங்கள். ஒரு கையை வயிற்றில் வையுங்கள்.
* மனதுக்குள் 4 எண்ணும் வரை மூக்கால் இழுங்கள். வயிறு உப்ப வேண்டும்.
* 6 எண்ணும் வரை மெதுவாக விடுங்கள்.
* தினமும் 5 நிமிடம் போதும்.
* தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள். கர்ப்பிணிகளும், இரத்தக்கொதிப்பு, இதயநோய் உள்ளவர்களும் மூச்சை அடக்கி வைக்கக் கூடாது.

செய்யும்போது தோள் இறுகியிருக்கிறதா, வயிறு பசிக்கிறதா, இடுப்பு வலிக்கிறதா என்று கவனியுங்கள். வீட்டில் எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் சாப்பிடும் நமக்கு, நம் பசியே பல நேரம் தெரிவதில்லை.

உட்கார்ந்திருக்கும்போதே இரைப்பது, நெஞ்சுவலி, உதடு நீலமாவது, மயக்கம் இருந்தால் பயிற்சி செய்து காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.

அடுத்த கூட்டத்தில் சேமிப்பு வசூல் முடிந்ததும் பத்து நிமிடம் ஒதுக்கி, ஒருவருக்கொருவர் மூச்சை எண்ணிப் பாருங்கள். யாருக்காவது அடிக்கடி இரைக்கிறது என்றால் தனியாக அனுப்பாமல், குழுவில் ஒருவர் துணைக்குப் போய் வாருங்கள்.